ஓட்டம், பந்தயம், பங்கு: ஒரு உருவகத்தின் வரலாறு குறித்து

வாழ்க்கை ஒரு ஓட்டப் பந்தயம் என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் கேட்பவர் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் சொல்கிறார், பயிற்சி மையத்தின் சுவரொட்டி சொல்கிறது, காப்பீட்டு விளம்பரம் சொல்கிறது. இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால் நல்லெண்ணம் கொண்ட படித்த மனிதர்கூட இதைத்தான் எடுக்கிறார்: ‘எல்லாரும் ஒரே கோட்டுல நின்னு ஓடட்டும், யார் முந்துறாங்களோ அவங்களுக்குக் கொடுங்க. இதுல என்ன தப்பு?’ நம் பக்கத்துத் தோழர்களும் பதில் சொல்ல அதே மைதானத்தில்தான் இறங்குகிறார்கள்: ‘ஒருத்தன் கால்ல தலைமுறை தலைமுறையாச் சங்கிலி கிடக்கு, அவனை எப்படி அதே கோட்டுல நிறுத்துவே?’ இரண்டு தரப்பும் கோட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, பந்தயத்தை ஏற்பாடு செய்தது யார், ஓடுவது என்றாலே முந்துவது என்று எப்போது ஆயிற்று என்ற கேள்விகள் கைவிடப்படுகின்றன. எதிராளியும் தனக்குள் வந்து நின்றுதான் பேச முடியும் என்ற நிலையை உண்டாக்கும்போது ஒரு உருவகம் கருத்தியலாகிவிடுகிறது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று காட்டுவது அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் நம் பேச்சை எடுத்துக்கொள்வோம். ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘ஏதோ ஓடிக்கிட்டிருக்கு’ என்கிறோம். இங்கே ஓடுவது பிழைப்பு. பேசுகிறவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடை ஓடுகிறது, தறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது. நீரோட்டம், ரத்த ஓட்டம், வெள்ளோட்டம் என்ற சொற்களிலும் ஓட்டம் என்பது நிற்காமல் போய்க்கொண்டிருப்பது. அதில் முதலாவது இரண்டாவது கிடையாது. தேரோட்டம் இன்னும் விசேஷம். ஊரே இழுக்கிற அந்த ஓட்டத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதுதான் வெற்றி.

இதைச் சொன்னதும் ‘பார்த்தீங்களா, நம்ம மரபுல போட்டியே கிடையாது’ என்று சிலிர்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேரோட்டத்தில் முதல் பரிசு இல்லை. முதல் மரியாதை இருக்கிறது. வடத்தை யார் தொடலாம் என்பது இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமைக்காகத் தலித் மக்கள் 1990களின் இறுதியிலிருந்து போராட வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் தேர் ஓடாமலே நின்றது. நீதிமன்றம், காவல்துறை என்று பல சுற்றுப் போய் 2024இல்தான் அது மீண்டும் ஓடியது. போட்டி இல்லாத ஓட்டத்திலும் யாருடைய கை கயிற்றில் படலாம் என்பது முன்பே தீர்மானமாகி இருந்தது.

திருக்குறளில் ‘முந்தி’ என்ற சொல் வருமிடம் ஒன்று எல்லோருக்கும் தெரியும், 67ஆவது குறள். மகனுக்குத் தகப்பன் செய்ய வேண்டிய உதவி, கற்றவர் அவையில் அவனை முன்னால் இருக்கச் செய்வது என்கிறார் வள்ளுவர். அந்த மகன் ஓடவில்லை, உட்கார்ந்திருக்கிறான். முன் என்பது இங்கே ஒரு இருக்கை. பந்தி, சபை, கோயில், தெரு என்று முன்னும் பின்னும் இடமாக வகுக்கப்பட்ட சமூகத்தில் ஓடிப்போய் முந்துவதற்கு வழியே இருக்கவில்லை. 1920 ஜனவரியில் ‘மூக்நாயக்’ முதல் இதழில் அம்பேத்கர் இந்து சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். எந்த மாடியில் பிறந்தானோ அதே மாடியில் சாக வேண்டும். படியே இல்லாத இடத்தில் ஓட்டம் எங்கே?

எனவே ஓட்டப் பந்தயம் என்ற உருவகம் இங்கே வந்தபோது அது ஒரு வகையில் விடுதலைச் செய்தியாகவும் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. பிறப்பைக் கேட்காத ஒரு கோடு, விசில் அடித்தால் எல்லோரும் ஓடலாம் என்பது மாடிக் கோபுரத்தில் இருந்தவனுக்குச் சின்ன விஷயமல்ல. பந்தயத்தை ஒரேயடியாக முதலாளித்துவச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடும் தோழர்களுடன் நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். ஆனால் அந்தக் கோடு உண்மையிலேயே பிறப்பைக் கேட்காத கோடுதானா? அதைப் பார்க்க, பந்தயத்துக்கு முன்பு ஓடியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டு விதமானவர்கள் ஓடினார்கள். தப்பித்தவர்கள், ஏவல் செய்தவர்கள்.

தப்பித்தவர்கள் பற்றி மொழியே சாட்சி. ஓட்டம் பிடித்தான், ஊரை விட்டே ஓடிட்டான், ராத்திரியோடு ராத்திரியா ஓடிப்போனாங்க. கடன், பஞ்சம், பண்ணை என்று துரத்துவதற்குப் பல இருந்தன. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளி முறைப்படி சொல்லாமல் வேலையை விட்டுப் போவது 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அவன் தலையில் உள்ள கடனை எழுதிய துண்டுச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் தடை செய்யப்பட்டது. முதலாளிக்கு ஓடிப்போனவன் குற்றவாளி. ஓடியவனுக்கு அது ஒன்றே வழி. பெண் ஓடினால் கதையே வேறு. ‘ஓடுகாலி’ என்ற வசைக்கு ஆண்பால் புழக்கத்தில் இல்லை. சங்கப் பாடலில் உடன்போக்கு என்று துறை வகுத்துப் பாடம் நடத்துகிறோம். அதே காரியத்தைத் தெருவில் ஒரு பெண் செய்தால், அதுவும் சாதி தாண்டிச் செய்தால், பின்னால் அரிவாள் ஓடிவருகிறது.

ஏவல் செய்தவர்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பவன் அஞ்சலோட்டக்காரன். திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமான அஞ்சல் துறை இருந்தது. 1951இல்தான் இந்தியத் தபால் துறையோடு சேர்க்கப்பட்டது. நாஞ்சில் நாடும் அப்போது அந்த சமஸ்தானத்துக்குள் இருந்தது. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரன் ஓடுவான். மணிச்சத்தம் கேட்டால் எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒரு எல்லை வரை ஓடி, பையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு, எதிர்ப் பையை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடுவான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடர் ஓட்டம் என்று சொல்வதை ஈழத்தமிழர்கள் அஞ்சலோட்டம் என்பார்கள். விளையாட்டின் பெயருக்குள் இந்த வேலை பத்திரமாக இருக்கிறது. வழிவிடும் மரியாதை மணிக்கும் பைக்கும் உரியது. மணியை இறக்கி வைத்தால் அவன் யாரோ ஒரு கூலி. ஆங்கிலேயர் ஆட்சியின் தபால் ஓட்டக்காரனைப் பற்றி கிப்ளிங் ‘ஓவர்லேண்ட் மெயில்’ என்று ஒரு கவிதை எழுதினார். அதில் காடும் ஆறும் புயலும் மகாராணியின் பெயரால் வழிவிட வேண்டும். இருபது வயதில், 1947இல், இறந்துபோன வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யாவின் ‘ரன்னர்’ கவிதையிலும் அதே ஆள்தான் ஓடுகிறான். ஆனால் இங்கே முதுகில் பணப்பை இருக்கிறது, அதை அவன் தொட முடியாது, வீட்டில் பசி. சலில் சவுத்ரி இசையமைத்து ஹேமந்த குமார் பாடியதால் வங்காளத்தில் அது படிக்காதவர்களுக்கும் தெரியும். கிப்ளிங்குக்குத் தெரிந்தது ஓட்டம். சுகாந்தாவுக்குத் தெரிந்தது சுமை.

இந்த ஏவல்காரனிடமிருந்து பந்தயம் எப்படிப் பிறந்தது? மாரத்தான் கதையே நல்ல உதாரணம். கி.மு. 490இல் மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸுக்கு ஓடிவந்து, வென்றோம் என்று சொல்லிவிட்டுச் செத்து விழுந்த வீரனின் கதையைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்தப் போருக்குக் காலத்தால் மிக நெருங்கிய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடம் இந்தக் கதை இல்லை. அவர் சொல்வது வேறு: போருக்கு முன்பு ஃபெய்டிப்பிடிஸ் என்ற ஆள் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு, சுமார் 240 கிலோமீட்டர், ஓடினான். முழு நிலவு வரும் வரை புறப்பட முடியாது என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவனை ஹெரோடோட்டஸ் வீரன் என்று குறிப்பிடவில்லை. நாள் முழுக்க ஓடிச் செய்தி கொண்டுபோவதைத் தொழிலாகக் கொண்டவன் என்று, அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறார். அதாவது அஞ்சலோட்டக்காரன். செத்து விழும் கதை 500 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு புளூட்டார்க், லூசியன் ஆகியோரிடம் வருகிறது, அதுவும் வேறு வேறு பெயர்களில். 1879இல் ராபர்ட் பிரௌனிங் இரண்டு கதைகளையும் ஒட்டிக் கவிதையாக்கினார். பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயாலின் யோசனைப்படி 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அது பந்தயமாயிற்று. வேலைக்கு ஓடியவனை முதலில் தியாகி ஆக்கினார்கள், பிறகு போட்டியாளன் ஆக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த முதல் மாரத்தானை வென்ற ஸ்பிரிடான் லூயிஸ், ஏதென்ஸுக்குத் தண்ணீர் கொண்டுபோய் விற்கும் குடும்பத்து ஆள். கவிதை எங்கெங்கோ சுற்றினாலும் ஓடத் தெரிந்தவன் தண்ணீர் சுமப்பவனாகவே இருந்தான்.

இங்கிலாந்தில் இந்த உறவு இன்னும் வெளிப்படை. பிரபுவின் கோச்சு வண்டிக்கு முன்னால் ஓடுவதற்கென்றே வேலைக்காரர்கள் இருந்தார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரபுக்கள் தங்கள் ஓட்டக்கார வேலையாட்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டுப் பணம் கட்டினார்கள், குதிரை மீது கட்டுவதுபோல. நவீன ஓட்டப் பந்தயத்தின் ஒரு வேர் எஜமானர்களின் சூதாட்டத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கனவான்களே ஓட ஆசைப்பட்டபோது ஒரு சங்கடம் வந்தது: உடம்பால் உழைப்பவன் கூட ஓடினால் தோற்றுப்போவோமே. 1866இல் லண்டனில் தொடங்கிய அமெச்சூர் அத்லெடிக் கிளப் அதற்கு வழி கண்டது. கம்மியர், கைவினைஞர், கூலி வேலை செய்பவர் அமெச்சூர் ஆக மாட்டார், அவருக்கு இடமில்லை. 1880இல் வந்த சங்கம்தான் அந்த விதியைக் கைவிட்டது. பிறப்பைக் கேட்காத கோடு என்று நாம் நம்புகிற கோட்டின் பிறப்பு இப்படி. அதற்குப் பிறகும் என்ன? 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் 9ஆவதாகவும் 12ஆவதாகவும் வந்த லென் டவுன்யானே, யான் மஷியானி என்ற இரு தென்னாப்பிரிக்கக் கறுப்பர்கள் அந்த ஊருக்கு ஓட வந்தவர்கள் அல்ல. அங்கே நடந்த உலகக் கண்காட்சியில் போயர் யுத்தத்தை நடித்துக் காட்டும் குழுவோடு, காட்சிப் பொருளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1908 லண்டனில் மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர் ஆனதற்குக் காரணமும் கேட்டால் சிரிப்பு வரும். ஓட்டம் விண்ட்சர் அரண்மனை வளாகத்தில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிய வேண்டியிருந்தது. 1921இல் அதுவே உலகத்துக்கெல்லாம் நிரந்தரமான அளவாயிற்று. இன்றைக்கு நம் ஊரில் மாரத்தான் ஓடும் மென்பொருள் ஊழியர் தன் எல்லையைத் தானே தாண்டியதாகச் சொல்லும்போது அவர் தாண்டுவது இங்கிலாந்து ராஜா வீட்டு எல்லையை.

வாழ்க்கையை ஓட்டமாகப் பார்ப்பது பழைய வழக்கம்தான். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் அது இருக்கிறது. கொரிந்துக்குப் பக்கத்தில் விளையாட்டு விழா நடக்கும், கேட்பவர்களுக்குப் புரியும் என்று அவர் எடுத்தாண்டிருக்கலாம். மைதானத்தில் ஒருவனுக்குத்தான் பரிசு. அவர் பேசும் அழியாத கிரீடம் அப்படியல்ல. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் ஓட்டத்தை முடித்ததாகச் சொல்லும் வாசகம் எத்தனை கற்களில் இருக்கிறது! அங்கே யாரும் ‘முதலாவதாக வந்தார்’ என்று பொறிப்பதில்லை. முடித்தால் போதும்.

முறிவு 17ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. தாமஸ் ஹாப்ஸ் 1640இல் கையெழுத்துப் படியாகச் சுற்றுக்கு விட்டு, 1650இல் அச்சான ‘சட்டத்தின் மூலக்கூறுகள்’ நூலில் மனித வாழ்வை ஒரு ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிடுகிறார். இந்தப் பந்தயத்துக்கு எல்லைக்கோடு கிடையாது, மாலை கிடையாது. முன்னால் இருப்பது ஒன்றே இலக்கு. அதன்பின் மனிதனின் உணர்ச்சிகளையெல்லாம் ஓட்டத்தில் அவனுடைய நிலையாக ஒவ்வொன்றாக வரையறுத்துக்கொண்டு போகிறார். பின்னால் வருபவர்களைப் பார்ப்பது பெருமிதம், முன்னால் போகிறவர்களைப் பார்ப்பது பணிவு. திடீரென்று விழுவது அழுகை, அடுத்தவன் விழக் காண்பது சிரிப்பு. ஓயாமல் முந்தப்படுவது துயரம், ஓயாமல் முந்துவது இன்பம். களத்தை விட்டு விலகுவது சாவு. படிக்கும்போது முதுகு சில்லிடுகிறது, ஏனென்றால் நமக்கு எல்லாமே புரிகிறது. பவுலின் ஓட்டத்தில் முடிவு இருந்தது, ஹாப்ஸிடம் அடுத்தவனின் முதுகு மட்டும் இருக்கிறது. சி.பி. மக்ஃபர்சன் 1962இல் உடைமைத் தனிமனிதவாதம் பற்றி எழுதிய நூலில், ஹாப்ஸ் இயற்கை மனிதன் என்று காட்டுவது உண்மையில் சந்தைச் சமூகத்தின் மனிதனைத்தான் என்று வாதிட்டார். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். களத்தை விட்டு விலகுவது சாவு என்று சொல்ல ஹாப்ஸால் முடிந்தது. மலையகத் தோட்டத்தின் ‘களத்தை’ விட்டு இரவில் ஓடிய தொழிலாளிக்கு விலகுவதுதான் வாழ்வு. சுமப்பவனின் ஓட்டமும் தப்பிப்பவனின் ஓட்டமும் இந்த வரையறைப் பட்டியலில் எங்கும் இல்லை.

பந்தயத்துக்கு ஒரு நிழல் தம்பி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1818இல் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் ஆங்கிலேயச் சிறைகளுக்காக மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். கைதிகள் சுழலும் படிகளில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கும் போய்ச் சேர மாட்டார்கள். 1898 சிறைச் சட்டத்தோடு அது கைவிடப்பட்டது. இங்கே கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி.க்குக் கொடுத்தது செக்கு. ‘செக்குமாடு மாதிரிச் சுத்தி வர்றேன்’ என்று தமிழில் வாழ்க்கையைச் சொல்வதற்கும் அது பொருந்திப்போனது. அந்த மிதிசக்கரத்தின் பெயரைத்தான் இன்று உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபட்டை தாங்கியிருக்கிறது. மாதக் கட்டணம் கட்டி ஏறுகிறோம்.

இனி இடஒதுக்கீட்டுக்கு வருகிறேன். பந்தய உருவகம் நேரடியாக ஆட்களின் தலைவிதியில் கைவைத்த இடம் அது.

1963இல் தேவதாசன் வழக்கில், ஒரு ஆண்டில் நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் மத்திய அரசின் விதியை உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. ஐந்து நீதிபதிகளில் மாறுபட்டவர் கே. சுப்பாராவ் ஒருவர்தான். அவர் சொன்ன உதாரணம் குதிரைப் பந்தயம். முதல்தரமான பந்தயக் குதிரையையும் சாதாரணக் குதிரையையும் ஒரே இடத்திலிருந்து ஓடவிட்டால் அது பேருக்குத்தான் சமவாய்ப்பு. அதனால்தான் வலுவான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுகிறார்கள், அல்லது தூரத்தை மாற்றுகிறார்கள். அப்போதுதான் அது நிஜப் போட்டி. (இதே சுப்பாராவ்தான் 1967இல் கோலக்நாத் தீர்ப்பை எழுதியவர், நிலச் சீர்திருத்தக்காரர்களுக்கு அவர்மேல் கோபம் உண்டு. அது வேறு கதை.) இரண்டு ஆண்டுகள் கழித்து, 1965 ஜூன் 4 அன்று, ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் பேசியதும் இதே திசையில்: ஆண்டாண்டாகச் சங்கிலியில் கட்டுண்டவனை அவிழ்த்துப் பந்தயக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இனி நீ எல்லோரோடும் போட்டியிடலாம் என்று சொல்வது நியாயமாகாது.

இருவரும் நம் பக்கம்தான். சுப்பாராவின் மாற்றுத் தீர்ப்பு 1975 தாமஸ் வழக்கிலும், 1992 நவம்பர் 16 அன்று வந்த மண்டல் தீர்ப்பிலும் உயிர் பெற்றது. ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கல்ல, அதன் ஒரு வடிவமே என்ற அவருடைய பார்வை நிலைபெற்றது. அந்தக் கடனை மறக்கக் கூடாது. ஆனாலும் அவர் உதாரணத்தில் ஒரு முள் இருக்கிறது. அதில் ஒரு குதிரை முதல்தரம், மற்றது சாதாரணம். ஏன் சாதாரணம்? யாருடைய கொள்ளை யார் தின்றார்கள்? லாயத்தைப் பெருக்கியது யார்? பந்தய உருவகம் இதையெல்லாம் கேட்க விடாது. அங்கே ஒதுக்கீடு நல்ல குதிரையின் முதுகில் ஏற்றப்படும் எடையாகிறது. அப்படியானால் அந்தக் குதிரைக்காரன் ‘என்னை இழுத்துப் பிடிக்கிறார்கள்’ என்று கத்துவதும் அதே தர்க்கத்துக்குள் நியாயமாகிவிடுகிறது. 1990 ஆகஸ்ட் 7 அன்று வி.பி. சிங் மண்டல் அறிவிப்பைச் செய்தபோது வடக்கே கத்தினார்கள். தில்லியில் மாணவர்கள் தெருவைப் பெருக்கியும் செருப்புக்குப் பாலிஷ் போட்டும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்: எங்களை இந்த வேலைக்குத் தள்ளிவிடாதீர்கள் என்று பொருள். தெருவைப் பெருக்குகிறவர்கள் என்று ஏற்கெனவே ஒரு மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் எந்தப் பந்தயத்தில் தோற்று அங்கே வந்தார்கள் என்ற நினைப்பு அந்தக் கூட்டத்தில் யாருக்கும் வரவில்லை. ஓடுபாதையைப் பெருக்கியவர்கள் கண்ணில் படுவதில்லை.

குதிரை என்றதும் இன்னொன்று. 1996இல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில், குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்சநீதிமன்றம் சொன்னது. குதிரையின் உள்ளார்ந்த தகுதி, அதற்குக் கொடுத்த பயிற்சி, ஓட்டியின் திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தது. நம் ‘தகுதி, திறமை’ வாதத்துக்கு இதைவிட நேர்மையான விளக்கம் கிடைக்காது. பந்தயக் குதிரையின் தகுதி மூன்று தலைமுறை வம்சாவளிப் பட்டியலோடு விற்பனையாகிறது.

தமிழில் இந்த விவாதத்துக்கு வேறொரு சொற்களஞ்சியம் இருந்தது. அதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை. 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் கேட்டது வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம். அந்தக் கோரிக்கைக்கு இடமில்லை என்றதும் காங்கிரசை விட்டு வெளியேறினார். எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது 1928இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையில் பன்னிரண்டு இடங்கள்: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இதில் ஓட்டம் இல்லை, கோடு இல்லை, எடை இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரிப்பதுபோல ஒரு பங்கு. பங்கு கேட்பவன் பின்தங்கியவன் ஆக வேண்டியதில்லை. வீட்டுக்காரன் என்று நிரூபித்தால் போதும். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அந்த ஆணை செல்லாது என்றானது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி நடந்து, அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. ஆனால் திருத்தத்தின் வழியாகத் திரும்பி வந்தது பங்கு அல்ல, ‘பேக்வர்ட்’ என்ற சொல். முன், பின். பந்தய மொழி.

இங்கேதான் தமிழ் ஒரு காரியம் செய்தது. ‘பேக்வர்ட்’ என்பதைப் பிற்பட்டோர் என்று மொழிபெயர்த்தவர்கள் பிறகு பிற்படுத்தப்பட்டோர் என்று மாற்றினார்கள். தாழ்ந்தோர் தாழ்த்தப்பட்டோர் ஆனார்கள். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தோமே, அது இவ்வளவு பெரிய அரசியல் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. பந்தயத்தின் இலக்கணம் தன்வினை: அவன் முந்தினான், இவன் பின்தங்கினான், விஷயம் முடிந்தது. பிற்படுத்தப்பட்டோர் என்ற சொல், ஒருவன் இவனைப் பின்னால் தள்ளினான் என்று சாட்சி சொல்கிறது. தள்ளியவன் யார் என்பது மட்டும் வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டு வினைக்கு அந்த வசதி உண்டு. நம் இயக்கங்களும் அந்த வசதியைச் சில சமயம் தங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டன. தாழ்த்தப்பட்டோரைத் தாழ்த்தியவர்களில் பிற்படுத்தப்பட்டோரும் உண்டு என்பதை அந்த வாக்கியம் சொல்லாமல் விட்டது. பன்னிரண்டில் ஒன்று என்ற அந்தப் பங்கையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

பந்தயத்தின் கோடு திறந்த கோடு என்று இன்றும் நம்புகிறவர்களுக்கு இரண்டு தமிழ்ப் பெண்களை நினைவூட்ட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளான சாந்தி சௌந்தரராஜன் 2006 டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஓடியதில் யாரும் குறை சொல்லவில்லை. ஓடி முடித்த பிறகு, நீ ஓட வேண்டிய ஆளே இல்லை என்றார்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக மருத்துவப் படிப்புக்கு இருந்த கோடு அதுதான். 2017இல் அது நீட் தேர்வுக்கு நகர்த்தப்பட்டது. உச்சநீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். செப்டம்பர் 1 அன்று இறந்துபோனார். அந்தப் புதிய கோட்டின் துல்லியம் எப்படி? 2024 நீட் தேர்வில் முதலில் 67 பேர் 720க்கு 720 என்றார்கள். கருணை மதிப்பெண், விடைக் குழப்பம் என்று வழக்குகள் நடந்த பிறகு அது 17 ஆயிற்று. முதலிடத்திலேயே இத்தனை பேர் கூடிவிட்டால் ஹாப்ஸ்கூடக் கொஞ்சம் திணறியிருப்பார்.

நீதிமன்றமே இப்போது வேறு உருவகம் தேடத் தொடங்கியிருப்பதுபோல் தெரிகிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று, பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு அருந்ததியர் உள்ஒதுக்கீடும் அதில் அடக்கம். நீதிபதி பி.ஆர். கவாய் தன் தீர்ப்பில் ரயில் பெட்டியை உதாரணம் காட்டினார். வெளியே இருப்பவர்கள் ஜெனரல் பெட்டிக்குள் ஏறப் படாதபாடு படுகிறார்கள். ஏறியதும் அவர்களே கதவை மறித்து மற்றவர்களை ஏற விடாமல் செய்கிறார்கள். குதிரையிலிருந்து ரயிலுக்கு வந்திருக்கிறோம், ஓட்டத்திலிருந்து மறுபடியும் இருக்கைக்கு. ஆனால் பட்டியல் சாதிகளுக்குள் நடக்கும் கதவடைப்பைச் சொல்ல வந்த உதாரணம், அந்த ஒரு பெட்டி போதாது என்பதைச் சொல்லவில்லை. எழும்பூரில் சாயங்காலம் தென்மாவட்ட ரயில் ஒன்று நடைமேடைக்கு வரும்போது போய்ப் பாருங்கள். ஜெனரல் பெட்டிக்காகக் கூட ஓடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள், ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறார்கள், கைக்குழந்தையை உள்ளே கொடுக்கிறார்கள். பக்கத்தில் ஏசி பெட்டிகள் அமைதியாக வந்து நிற்கின்றன. அவற்றில் ஏறுகிறவர்கள் யாரும் ஓடுவதில்லை. அவர்கள் வைத்திருக்கும் டிக்கெட்டுக்கும் பெயர் ரிசர்வேஷன்தான்.